மியூஸ்கோரில் தமிழ்ப் பாடல்வரி தட்டுவதை வேகமாக்க வழி உண்டா?

செங்காங் சுருதி | திங்கள் இரவு 10.48

வணக்கம். சமூக மன்றம் ஒன்றில் தமிழ்ச் சேர்ந்திசைக் குழு நடத்துகிறேன். நான்கு குரல், பியானோ, சில பாட்டுக்கு மிருதங்கம். ஏப்ரலில் தமிழ்மொழி விழா வருவதால் இப்போது கையில் நிறையப் பாட்டு.

மியூஸ்கோர் 4 (இசைக்குறிப்பு எழுதும் மென்பொருள்), விண்டோஸ் 11 மடிக்கணினி. மிடி கீபோர்டு இல்லை, வாங்கினாலும் வைக்க இடமில்லை. சுரம் தட்டுவது பிரச்சினையே இல்லை. என் அழுத்தி, 5 என்றால் கால் நோட்டு, 4 என்றால் அதில் பாதி, அப்புறம் ஏ முதல் ஜி வரை எழுத்து. விரல் பழகிவிட்டது. பாடல்வரிதான் உயிரை எடுக்கிறது. கண்ட்ரோல் எல் அழுத்தி, மொழியைத் தமிழுக்கு மாற்றி, ஒவ்வோர் அசையாகத் தட்டி, நடுவில் ஒரு நோட்டைத் திருத்த வேண்டுமென்றால் மறுபடி ஆங்கிலம், மறுபடி தமிழ். நான்கு குரலுக்கும் இதே கதை.

போதாததற்கு, குழுவில் இரண்டு கட்சி. இளையவர்கள் பள்ளியில் இணைப்பாட நடவடிக்கையாகக் கொயர் பாடியவர்கள், ஐந்துகோட்டில் எழுதும் மேலைநாட்டு இசைக்குறிப்பைப் படிப்பார்கள். பெரியவர்களுக்கு ச ரி க ம தமிழில் இருந்தால்தான் வரும். ஆக ஒவ்வொரு நோட்டுக்கும் சொல், ஸ்வரம் என்று இரண்டு முறை தட்டுகிறேன். இதைச் சுருக்க யாருக்காவது வழி தெரியுமா?

தெம்பனிஸ் ஆல்டோ | திங்கள் இரவு 11.05

அக்கா, எந்தத் தமிழ் விசைப்பலகை? தமிழ் 99ஆ, ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தட்டும் அஞ்சலா? அதைச் சொன்னால்தான் பதில் சொல்ல முடியும்.

செங்காங் சுருதி | திங்கள் இரவு 11.09

தமிழ் 99. வேகமானது என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் கஷ்டப்பட்டுப் பழகினேன்.

தெம்பனிஸ் ஆல்டோ | திங்கள் இரவு 11.31

கடிதம் எழுத வேகமானதுதான். பாடல்வரிக்கு அந்த வேகம் பாதி போய்விடும். தமிழ் 99இன் பலமே தானாக விழும் புள்ளி. க இரண்டு முறை தட்டினால் க்க, ங பக்கத்தில் க தட்டினால் ங்க. ஆனால் மியூஸ்கோரில் அசைக்கு நடுவே கோடு போட வேண்டுமே. "பக்கம்" என்பதை பக்-கம் என்று தட்டும்போது முதல் க-வுக்கும் இரண்டாம் க-வுக்கும் நடுவில் கோடு புகுந்துவிடுகிறது, தானியங்கிப் புள்ளி வேலை செய்யாது. புள்ளியை நாமே எஃப் விசையில் போட வேண்டும்.

எண்ணிப் பாருங்கள். கோடு இல்லாமல் "பக்கம்" தமிழ் 99இல் 5 தட்டு, அஞ்சலில் 6. கோட்டோடு இரண்டிலுமே 7. அஞ்சலில் மெய் தனியாக நின்றால் தானே புள்ளி வைத்துக்கொள்ளும், அதனால் அங்கே கோடு எந்த இடைஞ்சலும் செய்யாது. அதற்காக விசைப்பலகையை மாற்றச் சொல்லவில்லை. பழகிய கை பழகிய கைதான். அசை பிரித்துத் தட்டும்போது புள்ளியை மட்டும் கையால் போடப் பழகுங்கள், "ஏன் விழவில்லை" என்று நின்று பார்க்கும் நேரம் மிச்சம்.

இன்னொன்று. வரி தட்டிக்கொண்டிருக்கும்போது எஸ்கேப் தெரியாமல் பட்டால் சொல்லை விட்டு வெளியே வந்துவிடுவோம். அப்போது ஸ்பேஸ் அழுத்தினால் பாட்டு ஓட ஆரம்பிக்கும். விசைப்பலகை ஆங்கிலத்தில் இருந்தால் இன்னும் மோசம், தட்டுகிற எழுத்தெல்லாம் நோட்டைப் பிடித்து மாற்றிவிடும். கண்ட்ரோல் இசட் பக்கத்திலேயே இருக்கட்டும்.

ஜூரோங் மிருதங்கம் | செவ்வாய் காலை 7.52

ரயிலில் இருந்து எழுதுகிறேன், சுருக்கமாக. இசைப்பதிவு மென்பொருளான ஏபிள்டனில் எம் அழுத்தினால் கணினி விசைப்பலகையே பியானோ. லாஜிக்கில் கமாண்ட் கே. இதெல்லாம் வாசித்துப் பதிவு செய்ய நல்லது, வரிக்கு உதவாது. அந்தப் பியானோ திறந்திருக்கும்வரை எழுத்துக் குறுக்குவழிகளும் சரியாக வேலை செய்யாது. எனவே அந்தப் பக்கம் போக வேண்டாம்.

லில்லிபாண்ட் பைத்தியம் | செவ்வாய் காலை 9.14

நீங்கள் எல்லாரும் தப்பான இடத்தில் விசைகளை எண்ணுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு சொல்லுக்கு 5 தட்டா 7 தட்டா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. நேரம் போவது மொழி மாற்றும் இடத்தில். மாற்றுவது, மாறியதா என்று கீழே பார்ப்பது, மாறாததால் அழிப்பது. அந்தத் தாவலை ஒழித்தால் மற்றதெல்லாம் சில்லறை.

என் தீர்வு லில்லிபாண்ட் என்ற இசைக்குறிப்பு மென்பொருள். 1996இலிருந்து இருக்கிறது, இலவசம். நோட்டு ஒரு பகுதியில், வரி வேறொரு பகுதியில், இரண்டுமே வெறும் உரை. நோட்டு முழுவதையும் ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் எழுதிவிட்டு, தமிழுக்கு மாறி வரி முழுவதையும் எழுதுவேன். அசைகளுக்கு நடுவே இரட்டைக் கோடு, இழுப்புக்கு இரட்டை அடிக்கோடு. யுனிகோடு தமிழ் அப்படியே ஏற்கும். ஒரு பாட்டுக்கு மொழி ஒரே ஒரு முறைதான் மாறுகிறது.

தெம்பனிஸ் ஆல்டோ | செவ்வாய் காலை 9.40

அண்ணே, ஆண்டுக்கு ஒருமுறையாவது யாரையாவது லில்லிபாண்டுக்கு மதம் மாற்றாமல் உங்களுக்குத் தூக்கம் வராது போல. சுருதி அக்கா குழுவில் நாளைக்கே யாராவது "டெனர் வரியில் ஒரு நோட்டை இறக்குங்கள்" என்பார்கள். பக்கத்தில் இருக்கும் பதினைந்து வயதுப் பையன் சுட்டியால் இழுத்து இறக்கிவிடுவான். உங்கள் கோப்பைத் திறந்தால் அவன் ஓடிவிடுவான்.

லில்லிபாண்ட் பைத்தியம் | செவ்வாய் காலை 10.02

நியாயம்தான் லா. சரி, மென்பொருளை விடுங்கள், முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மியூஸ்கோரிலும் இதைச் செய்யலாம். வரியை வெளியே தட்டி உள்ளே ஒட்டுவதுதான்.

வெறும் உரைக் கோப்பில் பாடல்வரியைச் சாதாரணமாக, கோடு இல்லாமல் தட்டுங்கள். தமிழ் 99இன் தானியங்கிப் புள்ளி முழுசாகக் கிடைக்கும். அப்புறம் அசைக்கோட்டைக் கணினியே போடட்டும். தமிழில் இது ஆச்சரியப்படும் அளவுக்கு எளிது. ஆங்கிலத்துக்கு அகராதி வேண்டும், நமக்கு ஒரே விதி போதும்: உயிரும் உயிர்மெய்யும் புது அசையைத் தொடங்கும், புள்ளி வைத்த மெய் முன்னால் இருக்கும் அசையோடு ஒட்டிக்கொள்ளும். வாழ்த்-து, பாட்-டு, த-மிழ்.

நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸில் தேடி மாற்றும் பெட்டியைத் திறந்து, ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்பதைத் தேர்ந்து, தேட வேண்டியதாக இதைக் கொடுங்கள்:

`(?<=[ஃ-்])(?=[அ-ஹ](?!்))`

மாற்ற வேண்டியதாக வெறும் ஒரு கோடு `-`. எல்லாவற்றையும் மாற்று. அவ்வளவுதான். "முன்னால் தமிழ்க் குறி ஒன்று இருந்து, அடுத்து வரும் எழுத்தில் புள்ளி இல்லாவிட்டால் அங்கே கோடு போடு" என்பதே இதன் பொருள். யுனிகோடு வரிசையில் அ-வில் தொடங்கி ஹ-வில் முடிவதால் அந்த இரண்டு எழுத்தே உயிர், மெய் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறது.

செங்காங் சுருதி | செவ்வாய் மதியம் 1.20

இப்போதுதான் சாப்பாட்டு நேரத்தில் முயன்றேன். நம்பவே முடியவில்லை, ஒரு சொடுக்கில் முழுப் பாட்டும் பிரிந்துவிட்டது! ஆனால் ஸ்ரீ என்பது ஸ்-ரீ ஆகிவிட்டது. "க்ருபை" என்று ஓரிடத்தில் இருந்தது, அது க்-ரு-பை ஆகிவிட்டது.

லில்லிபாண்ட் பைத்தியம் | செவ்வாய் மதியம் 1.44

ஆமாம், தமிழ்ச் சொல் மெய்யில் தொடங்காது, வடசொல் தொடங்கும். முன்னால் அசை இல்லாததால் அந்த மெய்க்கு ஒட்டிக்கொள்ள இடமில்லை. இரண்டாவதாக ஒரு தேடல் ஓட்டுங்கள்:

`(^| )([அ-ஹ]்|ஃ)-`

மாற்ற வேண்டியது `$1$2`. ஃபேன், ஃபோன் மாதிரிச் சொற்களும் இதிலேயே சரியாகிவிடும். சொல்லின் நடுவே க்ஷ வந்தால் பக்-ஷி என்று பிரியும். பாடும்போதும் அப்படித்தானே பாடுகிறோம், நான் தொடுவதில்லை.

தெம்பனிஸ் ஆல்டோ | செவ்வாய் மதியம் 2.10

இது எனக்கே புதுசு. சரி, ஒட்டும் பகுதியை நான் சொல்கிறேன்.

பிரித்த வரியை நகலெடுங்கள். மியூஸ்கோரில் முதல் நோட்டைச் சொடுக்கி கண்ட்ரோல் எல், அப்புறம் கண்ட்ரோல் வி. ஒவ்வொரு கண்ட்ரோல் வி-க்கும் ஓர் அசை விழுந்து, கர்சர் அடுத்த நோட்டுக்குப் போகும். கோடு இருந்தால் கோட்டோடு போகும், இடைவெளி இருந்தால் புதுச் சொல்லாகப் போகும். இழுப்பு வருமிடத்தில் உரையிலேயே அடிக்கோடு போட்டு வைக்கலாம். ஒரே நோட்டில் இரண்டு சொல் புணர்ந்து பாட வேண்டியிருந்தால் நடுவே உடையா இடைவெளி போடுங்கள், அந்த இடத்தில் பிரிக்காது.

ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் கிளிப்போர்டிலிருந்து அந்த அசை போய்விடும், மிச்சம்தான் இருக்கும். அதனால் உரைக் கோப்பைச் சேமிக்காமல் மூடாதீர்கள்.

நான்கு குரலும் ஒரே தாளத்தில் பாடும் இடங்களில் இதையும் செய்ய வேண்டாம். சோப்ரானோ வரியின் பாடல்வரியை மட்டும் தேர்ந்து நகலெடுத்து, ஆல்டோவின் முதல் நோட்டில் ஒட்டினால் மொத்தமும் இறங்கிவிடும். தாளம் மாறும் இடத்தில் மட்டும் அசை அசையாக.

ஆனாலும் ஒரு மாறுபட்ட கருத்து. நான் வரியைப் பாடிக்கொண்டே தட்டுகிறவள். அப்போதுதான் குறில் அசை நீளமான நோட்டில் மாட்டிக்கொண்டிருப்பது காதில் உறுத்தும். "மலர்" என்பதில் ம-வை இரண்டு தட்டுக்கு இழுத்து, லர்-ரைத் துண்டு நோட்டில் போட்டிருப்பார்கள். கண்ட்ரோல் வி-யை மளமளவென்று அடித்தால் இதெல்லாம் தெரியாமல் போய்விடும், ஒத்திகையில்தான் வெடிக்கும்.

லில்லிபாண்ட் பைத்தியம் | செவ்வாய் மதியம் 2.25

அதை ஒட்டிய பிறகு ஒருமுறை பாடிப் பார்த்தால் ஆயிற்று. தட்டெழுத்துக்கும் இசையமைப்புக்கும் ஒரே நேரத்தில் ஏன் மூளையைக் கொடுக்க வேண்டும்?

தெம்பனிஸ் ஆல்டோ | செவ்வாய் மதியம் 2.31

நீங்கள் பாடிப் பார்ப்பீர்கள். மற்றவர்கள் பாடிப் பார்ப்பார்களா என்பதுதான் என் சந்தேகம்.

பழைய எழுத்துரு | செவ்வாய் மாலை 6.50

சுருதி, மொழித் தாவலுக்கு விண்டோஸிலேயே ஓர் அமைப்பு இருக்கிறது. விசைப்பலகையின் மேம்பட்ட அமைப்புகளில், ஒவ்வொரு செயலிச் சன்னலுக்கும் தனித்தனி உள்ளீட்டு முறை என்ற தேர்வு. அதை இயக்கிவிட்டால் மியூஸ்கோர் எப்போதும் ஆங்கிலத்தில், நோட்பேட் எப்போதும் தமிழில். ஆல்ட் டாப் அடித்தாலே மொழியும் மாறிவிடும். மேக்கில் இதே மாதிரி, ஆவணத்துக்கு ஏற்ப மாறும்படி வைக்கலாம். அங்கே அஞ்சல், தமிழ் 99 இரண்டுமே கூடவே வருகின்றன.

மன்றத்துக் கணினியில் செய்கிறீர்கள் என்றால் ஒன்று: சீன உள்ளீடு போட்டு வைத்திருக்கும் கணினியில் கண்ட்ரோல் ஸ்பேஸ் அதை ஏற்றி இறக்கும். மியூஸ்கோரில் அதே கண்ட்ரோல் ஸ்பேஸ்தான் அசைக்குள் இடைவெளி போடும் விசை. மோதும். இங்கே நான்கு மொழிக்காரர்கள் ஒரே கணினியைப் பகிர்வதால் நடக்கும் கூத்து.

இனி என் கேள்வி. ஃபினாலே என்ற இசைக்குறிப்பு மென்பொருளில் செய்த பழைய பள்ளிப் பாட்டுகள் நிறைய என்னிடம் இருக்கின்றன. 2024 ஆகஸ்டில் அதன் நிறுவனமே இனி மேம்படுத்துவதில்லை என்று அறிவித்துவிட்டது. மியூசிக்எக்ஸ்எம்எல் (மென்பொருள்களுக்கு இடையே இசைக்குறிப்பைக் கொண்டுபோகும் கோப்பு வகை) ஆக எடுத்து மியூஸ்கோரில் திறந்தால் நோட்டெல்லாம் அழகாக வருகிறது, வரி மட்டும் கிறுக்கலாக வருகிறது. யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டியவை.

லில்லிபாண்ட் பைத்தியம் | செவ்வாய் இரவு 8.15

சார், அந்தக் காலத்து எழுத்துருக்களில் உள்ளே இருப்பது ஐரோப்பிய எழுத்துகளின் எண்கள், மேலே தமிழ் முகமூடி. எழுத்துரு போனதும் உள்ளே இருப்பது வெளியே தெரிகிறது. எந்தக் குறிமுறை என்று கண்டுபிடித்தால் யுனிகோடுக்கு மாற்றிவிடலாம். டிஸ்கி, டாப், டாம் என்று பல உண்டு. 1997இல் இங்கே சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழிணைய மாநாட்டில் பேசியதே இந்தக் குழப்பத்தைப் பற்றித்தான். இத்தனை வருடம் கழித்தும் அதன் வால் நம் பாட்டுக் கோப்புகளில் ஆடிக்கொண்டிருக்கிறது.

மாற்றும்போது கோப்பு முழுவதையும் மாற்றியில் போடாதீர்கள். மியூசிக்எக்ஸ்எம்எல்லின் குறிச்சொற்களும் ரோமன் எழுத்துதான், சில குறிமுறைகளில் அவையும் தமிழாகிக் கோப்பு செத்துவிடும். பாடல்வரிக் குறிச்சொல்லுக்குள் இருக்கும் உரையை மட்டும் மாற்ற வேண்டும். அதைவிட எளிது, நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு வரியை அழித்துவிட்டு மேலே சொன்ன முறையில் புதிதாக ஒட்டுவது. சின்னப் பள்ளிப் பாட்டுதானே?

பழைய எழுத்துரு | செவ்வாய் இரவு 8.40

புதிதாகத் தட்டுவதே மேல் என்றுதான் தோன்றுகிறது. நன்றி தம்பி.

செங்காங் சுருதி | செவ்வாய் இரவு 10.30

சொல் பிரச்சினை தீர்ந்தது. ஸ்வரம்? அதை இரண்டாவது வரியாக, என்டர் அடித்து அடியில் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

லில்லிபாண்ட் பைத்தியம் | புதன் காலை 8.55

ஸ்வரத்தைத் தட்டவே கூடாது! நோட்டு ஏற்கெனவே அங்கே இருக்கிறதே, அதன் பெயர் அதற்கே தெரியும்.

மியூஸ்கோரோடு நோட் நேம்ஸ் என்று ஒரு செருகுநிரல் வருகிறது. ஒவ்வொரு நோட்டுக்கும் மேலே சி, டி, இ என்று பெயர் எழுதும். அந்தக் கோப்பு திறந்து படிக்கக்கூடிய நிரல்தான். ஒரு படி எடுத்து, சி வரும் இடத்தில் ச, டி வரும் இடத்தில் ரி என்று மாற்றிவிட்டால் முடிந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று. அது நோட்டைப் பியானோக் கட்டையாகப் பார்ப்பதில்லை, எழுதிய பெயராகப் பார்க்கிறது. ஐந்தாம் சுர வரிசையில், அதாவது ஒவ்வொன்றிலிருந்தும் அதன் ஐந்தாம் சுரத்துக்குத் தாவும் வரிசையில், ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எண்: எஃப் 13, சி 14, ஜி 15, டி 16 என்று போகும். பியானோவில் டி ஷார்ப்பும் இ ஃபிளாட்டும் ஒரே கருப்புக் கட்டை. இங்கே டி ஷார்ப் 23, இ ஃபிளாட் 11. அதாவது ஷட்சுருதி ரிஷபமும் சாதாரண காந்தாரமும் தனித்தனி எண். நம் 16 ஸ்வரப் பெயர்களும் மோதாமல் உட்கார்ந்துவிடுகின்றன. ஒரு கட்டைச் சுருதிக்கு (சி-யே ச): ச 14, ரி 9, 16, 23, க 4, 11, 18, ம 13, 20, ப 15, த 10, 17, 24, நி 5, 12, 19.

5 கட்டைக்குப் போனால்? எல்லா எண்ணோடும் 1 கூட்டுங்கள். 4 கட்டைக்கு 1 கழியுங்கள். 2 கட்டைக்கு 2 கூட்டுங்கள். வேறு வேலையே இல்லை.

ஆனால் நோட்டைச் சரியான பெயரில் தட்ட வேண்டும். நாட்டையில் ஷட்சுருதி ரிஷபம் வேண்டுமென்றால் டி தட்டி மேல் அம்புக்குறி, அப்போது ஷார்ப் கிடைக்கும். இ தட்டிக் கீழ் அம்புக்குறி போட்டால் செருகுநிரல் க என்றுதான் எழுதும். தவறிப்போனால் நோட்டைத் தேர்ந்து ஜே அழுத்துங்கள், பெயர் மட்டும் மாறும்.

ஜூரோங் மிருதங்கம் | புதன் காலை 9.20

ஐந்தாம் சுர வரிசைக் கணக்கில் ஸ்வரம். எங்கள் வாத்தியார் கேட்டால் மயங்கி விழுவார்.

தெம்பனிஸ் ஆல்டோ | புதன் காலை 11.05

கணக்கு அழகுதான். பெரியவர்களுக்குக் கொடுக்கும் தாளில் அழகாக இருக்குமா? கமகத்தை, அதாவது சுரத்தின் அசைவை, நாம் ஐந்துகோட்டில் சின்னச் சின்ன நோட்டாக உடைத்து எழுதியிருப்போம். செருகுநிரல் அது ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதிவிடும். அந்தப் பெரியவர்களுக்கு அது "க" ஒன்றுதான், அசைவு தொண்டையில் இருக்கிறது. "ரி க ரி க ம க" என்று தாளில் கண்டால் அப்படியே தனித்தனியாகப் பாடிவிடுவார்கள், ராகம் போய்விடும்.

லில்லிபாண்ட் பைத்தியம் | புதன் காலை 11.30

இதற்கு எனக்கு நல்ல பதில் இல்லை. வேண்டாத பெயர்களைத் தேர்ந்து அழிப்பதுதான். அப்போதும் தட்டுவதைவிட அழிப்பது வேகம்.

தெம்பனிஸ் ஆல்டோ | புதன் காலை 11.42

ஒத்துக்கொள்கிறேன். மெட்டு நேராகப் போகும் பாட்டுகளுக்குச் செருகுநிரல், கமகம் கனமான இடங்களுக்குக் கை.

செங்காங் சுருதி | வியாழன் இரவு 11.15

ஒரு பாட்டு முழுவதும் முடித்துவிட்டேன். மேலே ஸ்வரம், கீழே சொல். பெரியவர்கள் ஸ்வரம் மேலே இருப்பதையே விரும்புகிறார்கள், அடியில் இருந்தபோது இரண்டு வரியையும் குழப்பிக்கொண்டார்களாம். தாரஸ்தாயிப் புள்ளியை (மேல் ஸ்தாயி என்று காட்டுவது) மட்டும் நானே போட்டேன். சில எழுத்துருவில் அந்தப் புள்ளி எழுத்தின் தலையில் உட்காராமல் பக்கத்தில் போய் நிற்கிறது.

இன்னொரு சின்னச் சந்தேகம். என் கணினியில் எழுத்து ஒரு மாதிரியும், மன்றத்துக் கணினியில் வேறு மாதிரியும் தெரிகிறது. வரிகளின் அகலம் மாறிப் பக்கமே தள்ளிப்போகிறது.

பழைய எழுத்துரு | வெள்ளி காலை 6.40

மியூஸ்கோரின் இயல்பு எழுத்துரு எட்வின். அதில் தமிழ் கிடையாது, அதனால் அந்தந்தக் கணினியில் அகப்படும் தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்கிறது. வடிவமைப்பு, பாணி, பாடல்வரி என்று போய், ஒற்றைப்படை, இரட்டைப்படை வரி இரண்டுக்கும் நோட்டோ சான்ஸ் தமிழைக் கொடுங்கள். ஸ்வரத்துக்கு ஸ்டாஃப் உரை என்ற பாணியிலும் அதையே. இரண்டு கணினியிலும் அந்த எழுத்துருவை நிறுவுங்கள். பாடகர்களுக்குப் பிடிஎஃப் மட்டும் அனுப்புங்கள், அதில் எழுத்துரு உள்ளேயே போய்விடும். தாரஸ்தாயிப் புள்ளியையும் அந்த எழுத்துருவில் ஒருமுறை அச்சடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.